டிரேடு டெஸ்ட்

வெளிநாட்டுக்கு பைப் ஃபிட்டர் எடுக்கிறோம் என்று ஒரு ஷெட்டுக்கு வரச்சொன்னார்கள். முன்னவர் மாட்டிய பைப்போடு நம் பைப்பைச் சேர்த்து, கசியாதபடி போல்ட் முறுக்கிக் காட்டுவதுதான் டெஸ்ட். மூலையில் தார்ப்பாய் மூடிய மெஷினில் தொடங்கிய லைன், கடைசி ஆளான என் முறை வந்தபோது சுவரைத் தாண்டி பக்கத்துச் சாயப்பட்டறைக்குள் போயிருந்தது. மாட்டியதை ஏன் யாரும் கழட்டவில்லை என்பது உறுத்தியது. என் பைப்பின் மறுமுனை அங்கே ஓடிக்கொண்டிருந்த பாய்லரின் நீராவி வாயில் கச்சிதமாகப் பொருந்தியது.

"இது டெஸ்ட்தானே?" என்று ஏஜென்ட் தேவசகாயத்திடம் கேட்டேன்.

"டெஸ்ட்தாண்ணே. ரிசல்ட்டு போன்ல வரும், கிளம்புங்க."

ஷெட்டுக்குத் திரும்பினேன். மற்றவர்கள் எந்த நாடு, என்ன சம்பளம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். காலையில் முதல் ஆள் மாட்டிய பைப்பில் கை வைத்தேன். சுட்டது.