தினம் ஒருத்தன்

போனில் கண் வைத்தபடி படகிலிருந்து இறங்கியதில், நண்டுக் கூடையை நானே தட்டிவிட்டேன். பிடித்த நண்டுகளெல்லாம் ஏரிக்கே திரும்பிப் போயின. ஒன்று மட்டும் என் கட்டைவிரலைக் கவ்விக்கொண்டு நின்றுவிட்டது. அந்த வலிகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

என் மனைவி வினோதினி சொந்தமாக ஒரு வெப்சைட் வைத்திருக்கிறாள். காசில்லாமல் இப்படி ஒரு வெப்சைட்டை நாமே உருவாக்குவதற்கு எது எங்கே கிடைக்கும் என்று அதில் தினமும் எழுதுவாள். பக்கத்தின் அடியில், வந்துபோனவர்களின் எண்ணிக்கை தெரியும். தினமும் நான் பார்க்கும்போது அது ஒன்று கூடியிருந்தது. ஒன்றே ஒன்று.

எவனோ ஒருத்தன் தவறாமல் வருகிறான்!

பழவேற்காட்டில் செல்போன் கடை விக்கியை மடக்கினேன். "நீதானேடா அது?"

"அதெல்லாம் படிக்க எனுக்கு ஏதுண்ணா டைமு?"

வீட்டுக்கு வந்து மீசையை முறுக்கிப் பார்த்தேன். கண்ணாடியில் இறால் மாதிரிதான் இருந்தேன்.

கடைசியில் அவளையே கேட்டுவிட்டேன். "இன்னாமே, தெனம் உன் பக்கத்துக்கு வர்றானே, யாரு அவன்?"

"நீதான்யா! நீ தொறந்தாதான் அந்த நம்பர் ஏறுது. வேற யாரும் வர்றதில்ல. நீ ஒருத்தனாச்சும் படிக்கிறியேன்னுதான் நான் தெனம் எழுதுறேன்."