வளையலுக்கு அடியில்

குடியிருப்பில் நடந்த மருத்துவ முகாமில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வைட்டமின் டி குறைவாக இருந்தது. வெயிலில் கிரிக்கெட் ஆடும் பையன்களுக்கும்கூட.

"உங்களுக்கும் கம்மிதான் சார். உங்க மிஸஸுக்கு மட்டும் சரியா இருக்கு. நல்லா வெளிய நடப்பாங்க போல" என்றார் டாக்டர்.

ஞானசேகரன் சட்டைப்பையிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். தினமும் தமயந்தியை உள்ளே வைத்து, வெளியே பூட்டிவிட்டுத்தான் அவன் வேலைக்குப் போவான். ஜன்னல் கண்ணாடிகளிலும் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கையைப் பிடித்து வளையல்களை மேலே தள்ளினான். அடியில் மட்டும் தோல் வெளிறியிருந்தது. மற்ற இடமெல்லாம் கறுத்திருந்தது.

"எங்க போயிட்டு வர்ற?"

தமயந்தி வளையல்களை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டாள்.

"உங்களுக்கும் கம்மின்னுதானே சொன்னாரு. கொஞ்ச நேரம் வெளிய போய் நில்லுங்க. நான் உள்ள பூட்டிக்கிறேன்."