எதிலிருந்து எதற்கு?

"ஒரு டிஸ்க் செத்தாலும் இன்னொண்ணு உயிரோட இருக்கும்மா. அதுக்குப் பேருதான் ரெய்டு" என்றான் ஜெரிக், திறந்து கிடந்த கம்ப்யூட்டருக்குள் எட்டிப் பார்த்தபடி.

பான்சித் நூடுல்ஸ் தட்டில் எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்த பெலென் அம்மாவின் கை அப்படியே நின்றது. "அந்தக் கொடுப்பினை டிஸ்க்குக்கு இருக்கு. எனக்கு இருந்தது ஒரே பையன்."

"மன்னிச்சிடுங்கம்மா. என் வாயைத் தைக்கணும்."

வீடும் கம்ப்யூட்டரும் அர்னெலுடையவை. ஓடைக்கரைக் குடிசைகளை இடித்த அன்று, எதிரே மொட்டை மாடியில் கேமராவோடு நின்றவன் அவன் ஒருவன்தான். பெலென் அம்மாவின் மகனைச் சுட்டவனின் முகமும், சுடச் சொல்லிக் கை காட்டிய மேயரின் முகமும் அவன் எடுத்த வீடியோவில் தெளிவாக இருந்தன. திங்கட்கிழமை விசாரணை. அத்தனையும் ஒரே ஒரு எஸ்எஸ்டி டிஸ்க்குக்குள் இருந்தது.

"ஒத்தை டிஸ்க்கை நம்பி இத்தனை நாள் எப்படிண்ணே தூங்கினீங்க?"

"எங்கே தூங்கினேன்?" என்றான் அர்னெல்.

அதற்காகத்தான் ஜெரிக்கை அழைத்திருந்தான். கில்மோர் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் பூட்டுகிறவர்களில் ஜெரிக் கைசுத்தமானவன். பெலென் அம்மாவின் தெருக்காரன் வேறு. நேற்றே வந்து, அதே கம்பெனி, அதே அளவில் புது எஸ்எஸ்டி ஒன்றைப் பழையதற்குக் கீழே பூட்டிவிட்டுப் போயிருந்தான். இன்று இரண்டையும் ஜோடி சேர்க்க வேண்டும். பழையதில் இருப்பதைப் புதியதில் அப்படியே எழுதிவிட்டால், பிறகு ஒன்றில் இருப்பதெல்லாம் மற்றதிலும் இருக்கும்.

திரையில் கேள்வி வந்து நின்றது. எதிலிருந்து எதற்கு? கீழே இரண்டு வரிகள். ஒரே பெயர், ஒரே அளவு. மேல் இடம், கீழ் இடம் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

"எதுக்கும் ஒரு தடவை திறந்து பாத்துக்கோடா" என்றாள் பெலென் அம்மா.

"நேத்து என் கையால பூட்டினதும்மா. மேல பழசு, கீழ புதுசு. பொண்டாட்டி பிறந்தநாளை மறந்தாலும் இதை மறக்க மாட்டேன்."

"போன மாசம் அதை மறந்துட்டுத்தானே வாசல்ல படுத்துக் கிடந்தே? கொசு கடிக்குதுன்னு தெருவையே எழுப்பினியே!"

ஜெரிக் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். அவளும் சிரித்தாள். மகன் போன பிறகு அவள் சிரித்து அர்னெல் பார்த்ததில்லை. அவனும் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

"புயல் வருதுங்கறாங்க. நடுவுல கரண்டு போனா வம்பு. ஆரம்பிச்சுடு ஜெரிக்" என்றான்.

ஜெரிக் மேலே உள்ளதைத் தொட்டான், பிறகு கீழே உள்ளதை. சரி என்று அழுத்தினான்.

திரையில் பச்சைக் கோடு நத்தையாக நகர்ந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஒருமுறை விளக்கு மினுக்கியபோது பெலென் அம்மா சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டாள். கம்ப்யூட்டருக்கும் சேர்த்துத்தான் போட்டாள் போலிருந்தது. தட்டுகள் காலியாகிக் கழுவி வைத்த பிறகுதான் கோடு முழுதாக நிறைந்தது.

"முடிஞ்சுதும்மா. இனிமே உங்க பையனை யாராலும் அழிக்க முடியாது" என்று சொல்லிக்கொண்டே ஜெரிக் டிஸ்க்கைத் திறந்தான்.

வெள்ளைத் திரை. ஒரு கோப்பு கூட இல்லை.

மூடினான். திறந்தான். ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் வைத்துப் பார்த்தான். அதுவும் அப்படியே வெறுமையாக இருந்தது.

"மேல பழசுதானே... மேலதானே வெச்சேன்..." அவன் மறுபடி கம்ப்யூட்டருக்குள் குனிந்தான். "அண்ணே, மாத்திப் பூட்டியிருக்கேன். காலி டிஸ்க்கை எடுத்துப் பழசுமேல எழுதிட்டேன்."

"திரும்ப எடுக்க முடியாதா?" என்று கேட்டாள் பெலென் அம்மா.

"ஒவ்வொரு இடத்துலயும் மேலயே எழுதியாச்சும்மா. யாராலயும் முடியாது." அவன் தன் கையைச் சுவரில் ஓங்கி அடித்தான். மறுபடியும் ஓங்கியபோது அவள் எழுந்துபோய் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் கையை உடைச்சா அவன் வந்துடுவானா?"

"திறந்து பாருன்னு சொன்னீங்களேம்மா!"

"சொன்னேன். விடு." நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, தலை குனிந்து உட்கார்ந்திருந்த அர்னெலிடம் வந்து அவன் தலையில் கை வைத்தாள். "எல்லாரும் ஜன்னலைச் சாத்திக்கிட்டப்போ நீ ஒருத்தன் மாடியில நின்னே. என் பையனுக்காக நின்னே. அது போதும்ப்பா எனக்கு."

அர்னெல் நிமிரவில்லை.

ஒரே குடையில் இருவரும் படியிறங்கினார்கள். ஜெரிக் குலுங்கிக் குலுங்கி அழுதான். குடையை அவன் பக்கமே சாய்த்துப் பிடித்தபடி, தான் நனைந்துகொண்டே நடந்தாள் பெலென் அம்மா.

தெரு முனையில் அவர்கள் மறையும்வரை ஜன்னலில் நின்ற அர்னெல், கதவைத் தாழிட்டுவிட்டு ஃபோனை எடுத்தான்.

"மேயர் சார், முடிஞ்சது. காலையிலயே ரெண்டு டிஸ்க்கையும் மேலயும் கீழயுமா நானே மாத்தி வெச்சுட்டேன். அந்தப் பையன் தன் தப்புன்னே நம்பி அழுதுக்கிட்டுப் போறான்." குரலைத் தணித்துக்கொண்டான். "தேர்தல் பிரசார வீடியோ வேலை எனக்குத்தானே சார்?"