ராகுகாலம் கழிந்ததா?

கார் கைமாற வேண்டிய காலையில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. இரவல் ஸ்கேனர் பழுதைக் காட்டியது. விளக்கை அணைக்க மறுத்தது. காரை விற்கும் செழியன் பேட்டரி வயரைக் கழற்றி, சற்றுப் பொறுத்து மாட்டினான். விளக்கு அணைந்தது. கொஞ்ச தூரம் ஓடினால் மறுபடி எரியும். வாங்க வந்த முத்துவேலும் பூங்கொடியும் கைக்குழந்தையோடு அப்படியே ஊட்டி ஏறப்போகிறார்களாம்.

“பாதி மலையில நின்னுராதுங்களாண்ணா?” முத்துவேல் கேட்டான்.

“தங்கமான வண்டி தம்பி.” செழியன் சாவியை நீட்டினான்.

ராகுகாலம் கழிந்ததா என்று பூங்கொடி குனிந்து காரின் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“மணி பன்னெண்டுங்குது. இப்பத்தான இட்லி தின்னுட்டு வந்தோம்?”

முத்துவேல் சிரித்தான். “வண்டி நமக்கு முன்னாடியே மலையேறிருச்சாட்ட இருக்குது.”

அவள் சிரிக்கவில்லை.

“நேத்து பாக்க வந்தப்ப கடிகாரம் சரியாத்தான் ஓடுச்சு. எங்கப்பா வண்டியிலயும் பேட்டரியக் கழட்டுனா இப்படித்தான் காட்டும். எதுக்குங்கண்ணா கழட்டுனீங்க?”

சாவியை நீட்டியபடியே செழியன் நின்றான். குழந்தை எட்டி அதைப் பிடித்துக்கொண்டது.