மறுபடியும் மறந்துட்டியா?

செந்தூரன் இறந்த பிறகும் மென்பொருள் நிறுவனம் அவனைப் போலவே எழுதும் கணினி நகலை வேலையில் வைத்திருந்தது. சி மொழி நூலகத்தைப் பைத்தான் மொழியோடு இணைக்கும் நிரலில் யார் திருத்தம் அனுப்பினாலும், அதைப் பார்த்து ஒப்புதல் தருவது அந்த நகல்தான்; நிரலைத் தவிர வேறெதற்கும் அது பதில் தராது. அவன் மனைவி நறுமுகையும் அதே குழுவில் இருந்தாள்.

பிழையில்லாத திருத்தம் பேச்சில்லாமல் ஏற்கப்படும். அதனால், நிரல் எடுத்துக்கொண்ட கணினி நினைவகத்தை விடுவிக்கும் வரியை அவள் வேண்டுமென்றே விட்டுவிடுவாள்.

"மறுபடியும் மறந்துட்டியா, முகை?" என்று நகல் கேட்கும். அதற்காகவே அவள் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

ஒருநாள் விடுபட்ட வரியை நகலே சேர்த்து ஏற்றுக்கொண்டது. கீழே எழுதியிருந்தது: "இனிமே இத நானே பாத்துக்கறேன். நீ வீட்டுக்குப் போ."

"அங்க யாருங்க இருக்காங்க?" என்று நறுமுகை அதன் கீழே எழுதிக் கேட்டாள்.

அவள் எழுதியதில் நிரல் எதுவும் இல்லாததால் பதில் வரவில்லை.