நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

'இது எங்கள் மண்ணின் வரலாறு' என்று வெளியீட்டு விழாவில் ஆளுக்காள் முழங்கிவிட்டு மேடையை விட்டு இறங்க, நாவலில் கையெழுத்து வாங்கும் வரிசையில் புஸ்பராணியும் போய் நின்றாள். அவள் அதைப் போன கிழமையே வாசித்துவிட்டாள். மூன்று வருடங்களுக்கு முன் இதே நாவலாசிரியர் அவள் வீட்டுக்கு வந்து, போர் முடிந்த நாட்களில் காணாமற்போன கணவன் குணசீலனைப் பற்றி இரண்டு நாள் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டு போனவர். அறுந்த செருப்பை அவன் கம்பியால் கட்டிப் போட்டதும், கறியில் வரும் செத்தல் மிளகாயைக் சோற்றுக் கோப்பையின் ஓரத்தில் அடுக்கிவைப்பதும் அச்சொட்டாகப் புத்தகத்தில் இருந்தன. பெயர் மட்டும் வேறு. நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் அவன் குண்டுபட்டுச் செத்துப்போனான்.

"உயிரோட நடந்து வந்த மனிசனை இந்தக் கையால பிடிச்சு ஆமியிட்ட ஒப்படைச்சனான் எண்டு உங்களுக்குச் சொன்னனான்தானே?" என்றாள், தன் முறை வந்ததும்.

"சொன்னனீங்கள் அக்கா. ஆனா நாவலெண்டா ஒரு முடிவு வேணுமெல்லே?"

அவளுக்குக் கோபம் உச்சியில் ஏறியது. "மரணச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு அரசாங்கக் கந்தோர்க்காரர் மூண்டுதரம் என்ர படலைக்கு வந்தவங்கள். மூண்டுதரமும் கலைச்சு விட்டனான். நீர் ஆரைக் கேட்டு அவரைச் சாக்காட்டினனீர்?"

நாவலாசிரியர் அவசரமாகப் பேனையைத் திறந்து முதல் பக்கத்தைப் புரட்டினார். அவள் புத்தகத்தைப் பறித்து, நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தை விரித்து அவர் முன்னால் வைத்தாள்.

"அவர் செத்ததைக் கண்ட ஒரே ஆள் நீர்தான். இஞ்ச வையும் கையெழுத்தை."