பனியில் வழுக்கிய வண்டி

விசாரணை அறையில் டெல்பர்ட் பயத்தோடு உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே மின்னசோட்டா பனி முழங்கால் உயரம் கிடந்தது.

எதிரே பக்கத்து வீட்டு ஆர்லன், கட்டுப் போட்ட காலோடு சக்கர நாற்காலியில். அள்ளிய பனியை யார் வாசலில் தள்ளுவது என்று, கால் உடைந்த அன்று இருவருக்கும் சண்டை. டெல்பர்ட் வேண்டுமென்றே தன் மேல் வண்டியை ஏற்றியது ஆர்லனுக்குத் தெரியும். அவர் வாயைத் திறந்தால் டெல்பர்ட்டுக்கு ஜெயில்தான்.

டெல்பர்ட்டின் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் ஆர்லனிடம் கேட்டார்: "கோபத்துலதானே மோதினாரு?"

"சேச்சே! பனியில வண்டி வழுக்கிருச்சு. அவரு தங்கமான மனுஷன்."

டெல்பர்ட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே வந்ததும் ஆர்லனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மனசு உறுத்துது ஆர்லன். உள்ள போய் உண்மையைச் சொல்லிடறேன்."

இப்போது பதறியது ஆர்லன்.

"வாயை மூடுடா! விபத்துன்னாதான் உன் கம்பெனி நஷ்டஈடு தரும். வேணும்னே இடிச்சேன்னு சொன்னா ஒரு டாலர் பேராது. அந்த ஓட்டை வண்டியைத் தவிர உன்கிட்ட என்ன இருக்கு, நான் வசூல் பண்ண?"

"அப்போ... நீ என்னை மன்னிக்கலையா?"

"செக் பாஸாகற வரைக்கும் நீ தங்கமான மனுஷன். அப்புறம் இருக்கு உனக்கு!"